மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர்: ஃபைபர் அறுந்தாலும் கடை ஓட வேண்டும் என்பவர்களுக்கு

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் இ-சேவை, ஜெராக்ஸ், டிக்கெட் புக்கிங் என்று கடை வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது சிட்டா, அடங்கல், பாஸ்புக் ஜெராக்ஸோடு ஆட்கள் வாசல் வரை நிற்பார்கள், அதே மாதத்தில்தான் மழையும் கொட்டும், ஃபைபரும் அறும். கோடையிலாவது நிம்மதி உண்டா என்றால், மேட்டூர் திறப்பதற்கு முன்னால் ஆறு, வாய்க்கால் எல்லாம் தூர்வாருவார்கள், கரையோரம் புதைத்த கேபிளைப் பொக்லைன் வாரிக்கொண்டு போய்விடும். ஆக, லைன் போகத்தான் போகிறது. போனதும் எவ்வளவு சீக்கிரம் அடுத்த லைனுக்கு மாறுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு நான் வைத்திருப்பது மைக்ரோடிக் ஹெக்ஸ். லாட்வியா நாட்டுக் கம்பெனி, கையடக்கமான பெட்டி, ஐந்து கிகாபிட் போர்ட், வைஃபை கிடையாது. முதல் போர்ட்டில் ஃபைபர், இரண்டாவதில் சிம் போட்ட 4ஜி ரூட்டர், மீதியில் கடை கம்ப்யூட்டர்கள்.

இரண்டு லைன் போட்டும் பலர் கஷ்டப்படுவதற்குக் காரணம் ஒன்றுதான். கேபிள் எங்கேயோ பல கிலோமீட்டர் தள்ளி அறுந்திருக்கும், ஆனால் நம் தெருவுக்கு லைன் கொடுக்கும் கேபிள்காரரின் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நம் ஓஎன்யூவில் (கடைக்குள் ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டி) பச்சை விளக்கு அப்படியே எரியும். போர்ட்டில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரூட்டர், லைன் நன்றாக இருக்கிறது என்று நம்பி எல்லாவற்றையும் அந்தச் செத்த லைனிலேயே தள்ளிக்கொண்டிருக்கும்.

ஹெக்ஸில் செக் கேட்வே என்று ஒன்று உண்டு. கேட்வேக்கு, அதாவது ரூட்டரிலிருந்து வெளியே போகும் வழியில் முதலில் இருக்கும் பெட்டிக்கு, 10 நொடிக்கு ஒரு தடவை பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பும், இரண்டு தடவை பதில் வராவிட்டால் அந்த வழியை ஒதுக்கிவிட்டு டிஸ்டன்ஸ் எண் (எந்த வழி முதலில் என்று நாம் கொடுக்கும் எண், சிறியதற்கே முதலிடம்) அடுத்து எதற்கு இருக்கிறதோ அந்த வழிக்கு மாறும். ஃபைபருக்கு 1, சிம்முக்கு 2 என்று கொடுத்தால் போதும், ஃபைபர் திரும்பி வந்ததும் தானாகவே அதற்குப் போய்விடும். ஆனால் இதையும் அப்படியே போட்டால் பிரயோஜனமில்லை, ஏனென்றால் பெரும்பாலான கடைகளில் கேட்வே என்பதே பக்கத்தில் இருக்கும் அந்த ஓஎன்யூதான், வெளியே கேபிள் அறுந்தாலும் அது பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இன்டர்நெட்டில் தூரத்தில் இருக்கும் ஒரு முகவரியை ஃபைபர் வழியாக மட்டும் எட்டும்படி வைத்து, அந்த முகவரிக்குப் பதில் வந்தால்தான் ஃபைபர் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. ரிகர்சிவ் ரூட் என்பார்கள். நான் இந்தப் பெட்டியை வாங்கச் சொல்வதே இதற்காகத்தான்.

இதில் ஒரு நுணுக்கம். சோதனைக்கு 8.8.8.8 என்ற கூகுள் முகவரியைக் கொடுத்தால் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ்ஸாகவும் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) அதையே கொடுக்காதீர்கள். ஃபைபர் போனாலும் அந்த ஒரு முகவரிக்கான வழி ஃபைபரிலேயே கட்டப்பட்டிருக்கும், சிம்முக்கு மாறிய பிறகும் எந்தத் தளமும் திறக்காது, மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடுவோம். முடிந்தால் சோதனைக்கு இரண்டு முகவரி வையுங்கள், ஒன்று சும்மா பதில் சொல்லாமல் போனாலும் லைன் மாறிக்கொண்டே இருக்காது. அப்புறம், ஹெக்ஸில் ஓடும் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ்ஸின் 6-ஆம் பதிப்புக்கு எழுதிய வழிமுறையை 7-ல் அப்படியே போட்டால் ஓடாது, வழி எழுதும் இடத்தில் இருக்கும் டார்கெட் ஸ்கோப் என்ற எண்ணை மாற்ற வேண்டும்.

மாறும்போது அரை நிமிடம்போல எல்லாம் நிற்கும். வெளியே தெரியும் ஐபி மாறிவிடுவதால் பாங்க் தளம் வெளியே தள்ளலாம், மறுபடி உள்ளே போய் ஓடிபி வாங்க வேண்டியதுதான். வீட்டிலிருந்து கடை கேமராவை நேராகத் திறந்து பார்ப்பவர்களுக்கு சிம் லைனில் அது பெரும்பாலும் கிடைக்காது, மொபைல் கம்பெனிகள் ஒரு பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. கேமரா பதிவு இன்டர்நெட்டுக்கு ஏறுவதை இரண்டாவது போர்ட்டில் தடுத்து ஒரு ஃபயர்வால் விதி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சிம்மின் அன்றைய டேட்டா மதியத்துக்குள் காலி.

எனக்கு மிகவும் பிடித்தது மின்சார விஷயம். 12 வோல்ட்டிலேயே ஓடும், கரண்ட் ரொம்பக் கொஞ்சம்தான் இழுக்கும். ஓஎன்யூ, 4ஜி ரூட்டர், ஹெக்ஸ் மூன்றையும் ஒரு பேட்டரியில் வைத்துவிடலாம், லேப்டாப் இருந்தால் கரண்ட் போனாலும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

பிடிக்காததும் இருக்கிறது. பெட்டியை எடுத்து மாட்டினால் ஒரே ஒரு லைன்தான் வேலை செய்யும். இரண்டாவது போர்ட்டை பிரிட்ஜிலிருந்து (கடை கம்ப்யூட்டர்களுக்கான போர்ட்களின் கூட்டு) கழற்றுவது, வான் (WAN, வெளி லைன்) பட்டியலில் சேர்ப்பது, வழிகளைக் கையால் எழுதுவது எல்லாம் வின்பாக்ஸ் என்ற செட்டிங் மென்பொருளில் நீங்களே செய்ய வேண்டும், அல்லது தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். இதைத் தொடவே விருப்பமில்லாதவர்கள் திரையில் டிக் செய்தாலே ஃபெயில்ஓவர் (ஒரு லைன் போனால் தானாக அடுத்ததற்கு மாறுவது) வரும் இரட்டை வான் ரூட்டராகப் பாருங்கள், ஆனால் பிங் சோதனைக்கு நீங்களே முகவரி கொடுக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சிம்முக்குப் பதில் இன்னொரு கம்பெனி ஃபைபர் போடலாமே என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மின்கம்பத்தில் வந்தால் ஒரே தென்னை மட்டையில் இரண்டும் போகும். 2018 நவம்பர் கஜாவில் கம்பம், டவர் எல்லாம் சேர்ந்தே விழுந்தன, அந்த மாதிரி நாளில் எந்த ரூட்டரும் உதவாது. மற்ற நாட்களுக்கு சிம் போதும், எந்த சிம் என்பதைக் கடைக்குள் உட்கார்ந்து வேகம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செட்டிங் முடிந்ததும் சோதிக்க வேண்டும். ரூட்டர் பக்கத்து வயரைப் பிடுங்கிப் பார்த்தால் அது சோதனையே இல்லை. ஓஎன்யூவின் பின்னால் இருக்கும் ஃபைபரை மெதுவாகக் கழற்றுங்கள், ஓஎன்யூ ஓடிக்கொண்டிருக்கட்டும், கம்ப்யூட்டரில் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். அதில் தேறினால்தான் செட்டிங் போட்டவருக்குக் காசு கொடுங்கள்.