தோசைக் கல்லுக்கு இரண்டாவது ஆள் இருக்கிற கடை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பின்னால், முடிவெட்டும் கடைக்கும் பூமாலைக் கடைக்கும் நடுவில் இருக்கிற பசியாறும் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளம் போதும், வெளியூரிலிருந்து வருபவர்கள் பூக்கடையில் கேட்டால் கையைக் காட்டுவார்கள். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போகிறேன். கடை நன்றாக ஓடிய நாளிலும் சாப்பிட்டிருக்கிறேன், தடுமாறிய நாளிலும் சாப்பிட்டிருக்கிறேன், அந்தத் தடுமாறிய நாட்களைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். கைதேர்ந்த ஆள் அடுப்பில் நிற்கும் நாளில் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒரு கடையைப் பாராட்டுவது பாதிக் கணக்குதான்.

முதலில் சாப்பாடு. தோசை 2 வெள்ளி, அதாவது ரிங்கிட், ரொட்டி சானாய் 1 வெள்ளி 80 காசு, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ 2 வெள்ளி 20 காசு. ஞாயிறு மட்டும் ஆட்டுக்கறிப் பிரட்டல் உண்டு, சின்னக் கிண்ணம் 7 வெள்ளி. தோசை ஓரத்தில் முறுகி நடுவில் மெத்தென்று இருக்கும், மாவு அளவாகப் புளித்திருக்கும். தேங்காய்ச் சட்னியைக் காலையில் இரண்டு மூன்று தடவை புதிதாக அரைக்கிறார்கள், பத்து மணிக்குப் போனாலும் நீர்த்துப்போன மிச்சத்தை ஊற்றுவதில்லை. தண்ணி, அதாவது தே, கோப்பி கலக்கும் அண்ணன் துணி வடிகட்டியில் சாயத்தை இரண்டு முறை ஓட்டிய பிறகுதான் கெட்டிப்பால் மேல் ஊற்றுவார். இனிப்பைக் குறைக்கச் சொன்னால் நிஜமாகவே குறைப்பார். சாம்பார் சுமார்தான், பருப்பு போதாது, இதை முதலாளி அண்ணனிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காலைக்கு இங்கே இன்னொரு விசேஷமும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு 7.30-க்குத் தொடங்கும் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை 7.30, அவர்கள் நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 8.30, அதாவது சரியாகப் பசியாறும் நேரம். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். சுவரில் இருக்கும் பெரிய தொலைக்காட்சியில் மடிக்கணினியை இணைத்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருக்கிறார். நாலாவது மேசையில் மூன்று பேர் வழக்கமாக உட்காருவார்கள். எண்பதுகளில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் படித்துவிட்டு வந்தவர் ஒருவர், அவரை எல்லோரும் லிங்கன் அண்ணன் என்றே கூப்பிடுகிறோம். அடுத்தவன் என் மச்சான், ஃப்ளோரிடாவின் தாலஹாசியில் படித்தவன். மூன்றாவது, இங்கே ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து மீதி இரண்டு வருடத்தை இண்டியானாவின் புளூமிங்டனில் முடித்த ஒரு தங்கச்சி. மடிக்கணினியும் சந்தாவும் அவருடையவை. நான் அமெரிக்கா போனதில்லை, ஆட்டத்தை அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

அங்கே விவாதம் எப்போதும் ஒன்றுதான்: வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவந்த ஆள் ஏன் சரிப்படவில்லை, முதல் ஆள் விழுந்தால் அடுத்து யார். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்கிற பதிவேடு 2018 அக்டோபரில் வந்தது, ஆட்டக்காரர் அதில் பெயரைப் போட்டுவிட்டால் மற்றக் கல்லூரிகள் அவரிடம் பேசலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பாதி அணியே புதிது என்கிற நிலைமை பல இடங்களில்.

மச்சானுக்கு இதில் ஆறாத புண் இருக்கிறது. 2023-இல் அவன் படித்த ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்தில் 13-ஐயும் ஜெயித்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ், அவரே லூயிவில் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர், நவம்பரில் காலை உடைத்துக்கொண்டார். மாற்று ஆட்களை வைத்து மிச்ச ஆட்டங்களையும் ஜெயித்தார்கள், ஆனாலும் பட்டத்துக்கான நான்கு அணி பிளே-ஆஃபில் இடம் கிடைக்கவில்லை, முதல் ஆள் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று தேர்வுக் குழு முடிவு செய்துவிட்டது. அப்புறம் பலர் ஆடாமல் ஒதுங்கிக்கொள்ள, பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். அடுத்த வருடம், முன்பு கிளெம்சனில் ஆடி பிறகு ஆரிகன் ஸ்டேட்டுக்குப் போயிருந்த டிஜே உயாங்கலேலெய் என்ற குவாட்டர்பேக்கைக் கொண்டுவந்தார்கள், அந்தப் பருவம் 2 வெற்றி 10 தோல்வியில் முடிந்தது. மச்சான் இன்றும் அதைச் சொல்லும்போது தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிடுவான்.

லிங்கன் அண்ணன் பழைய ஆள். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் காலத்து நெப்ராஸ்காவில் உதவித்தொகை இல்லாமல் தாங்களாக வந்து சேர்ந்த ஊர்ப் பையன்கள் வருடக்கணக்கில் பின்வரிசையில் பழகி, நாலாவது வருடம் களத்தில் இறங்குவார்களாம். 1994, 1995, 1997 பட்டங்களுக்கு அடியில் அந்தப் பையன்கள்தான் இருந்தார்கள் என்பது அவர் கட்சி. 2023-இல் ஜார்ஜியா டெக்கிலிருந்து வந்த குவாட்டர்பேக் ஜெஃப் சிம்ஸ் முதல் ஆட்டத்திலேயே பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்வார். தங்கச்சி விடமாட்டார். தோல்விக்கே பேர்போன இண்டியானாவுக்கு கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார், முன்பு பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டத்தையே உடன் அழைத்து வந்தார், பிறகு கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா, வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருதே வாங்கினார். 2026 ஜனவரி 19-இல் இறுதி ஆட்டத்தில் மயாமியை 27-21 என்று வென்று 16-க்கு 16 என முடித்தார்கள். நமக்கு அது செவ்வாய்க் காலை, தங்கச்சி லீவு போட்டுவிட்டு வந்து அந்த மேசையிலேயே அழுதுவிட்டார்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுகிறவராக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது யார் வரவில்லை என்று பார்த்து, அவர் வெட்டும் மர நிரையை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய பால் போனதுதான். செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் எத்தனை பேர் என்பது அவருக்குக் கணக்கே இல்லை, பட்டையில் காயம் படாமல் வெட்டத் தெரிந்த கை எத்தனை என்பதுதான் கணக்கு. 2025 முதல் அமெரிக்கக் கல்லூரி அணியில் 105 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், முன்பு 85 பேருக்குத்தான் உதவித்தொகை. 105 பேர் இருந்தாலும் அப்பாவின் கேள்விதான் முதலில் வரும்.

ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுவதை விசுவாசம் இல்லாத செயல் என்று லிங்கன் அண்ணன் சொல்லும்போது மட்டும் நான் ஒத்துப்போவதில்லை. பயிற்சியாளர் வேறு இடம் போனால் உடனே வேலையைத் தொடங்கிவிடுவார், ஆட்டக்காரர் போனால் பெரும்பாலும் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்றுதான் நெடுநாள் இருந்தது. 2021-இல்தான் ஒரு தடவை மாறியவுடன் ஆடலாம் என்றார்கள், 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவையும் என்றார்கள். கங்காணியின் முன்பணக் கடனில் மாட்டிக்கொண்டு, பிடிக்காத தோட்டத்தை விட்டுப் போக முடியாமல் கிடந்தவர்களின் பேரன் நான். போகிற உரிமை ஒருவருக்குக் கிடைத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது கடைக்கு வருகிறேன், இவ்வளவும் சொன்னது இதற்காகத்தான். இங்கே ரொட்டி போடுபவர் ராமநாதபுரத்துக்காரர், 2025 தீபாவளிக்கு இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனார். முதலாளி ஈப்போவில் ஒரு பெரிய கடையிலிருந்து ஓர் ஆளை 600 வெள்ளி சம்பளம் கூட்டிக் கொண்டுவந்தார். கை சுத்தமான கை, மாவை வீசினால் வேட்டி மாதிரி விரியும், முதல் ஞாயிறு ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் அவர் இருந்த கடையில் மாவு பிசைய ஓர் ஆள், உருண்டை பிடிக்க ஓர் ஆள், இவர் வீசிப் போட்டால் போதும். இங்கே இரவே பிசைந்து, உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், நடுவில் தோசைக் கல்லையும் பார்க்க வேண்டும். 19-ஆம் நாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. இங்கே என்னென்ன வேலை என்பதை முதலாளி முதலிலேயே விவரமாகச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நாலாவது மேசையில் புலம்புகிற பாதிக் கதைகளும் இதேதான், பழைய இடத்து ஆட்டத்தை மட்டும் பார்த்துக் கூட்டி வருகிறார்கள், அங்கே அவருக்கு முன்னால் நின்று தாங்கியவர்கள் யார் என்று பார்ப்பதில்லை.

2025 நவம்பர் 2, ஞாயிறு. ஈப்போ ஆள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு. தண்ணி கலக்கும் அண்ணன் ரொட்டி மேசைக்குப் போய்விட்டார், அவருக்குக் கொஞ்சம் கை பழக்கம் உண்டு. ரொட்டி தப்பித்தது, தண்ணி மாட்டிக்கொண்டது, என் தே வர 25 நிமிடம் ஆனது. ஓர் ஆளை நகர்த்தினால் அவர் நின்ற இடம் ஓட்டையாகிவிடும். 2024-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் இதுதான் நடந்தது: குவாட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் வரிசையில் லெஃப்ட் டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸ் முழங்காலில் அடிபட்டு விழ, லெஃப்ட் கார்டாக இருந்த டானவன் ஜாக்சனை அங்கே நகர்த்தினார்கள், அடுத்த மாதமே சென்டர் சேத் மெக்லாஃப்லினும் போனார். அப்படியும் நோட்ர டேமை 34-23 என்று வென்று பட்டம் எடுத்தார்களே, நகர்த்திய இடத்துக்கு இன்னொரு பழகிய ஆள் இருந்ததால்தான். இந்தக் கடையில் அன்றைக்கு அந்த ஆள் இல்லை, கல்லாவில் இருந்த சின்னப் பையனே தண்ணியும் கலக்கினான்.

தோசைக் கல்லுக்கு வந்தது வெங்காயம் வெட்டும் அக்கா. நாலு வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வெட்டிக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்தவர், பழைய லயத்தில் குடியிருப்பவர். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கிழிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அடுப்பைத் தணித்து, கல்லில் தண்ணீர் தெளித்து, சீறிய சத்தம் அடங்கும் வரை நின்று, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நடுவிலிருந்து ஓரம் வரை வட்டமாகத் தேய்த்தார். மூன்றாவது தோசை ஓரத்தில் தானாகவே எழும்பியது. தட்டில் வைக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அதே காலை, தொலைக்காட்சியில் நெப்ராஸ்காவின் குவாட்டர்பேக் டிலன் ராயோலா கால் எலும்பு முறிந்து வெளியேற, முதலாம் ஆண்டுப் பையன் டிஜே லட்டீஃப் உள்ளே வந்தான். சதர்ன் கலிஃபோர்னியாவிடம் 21-17 என்று தோற்றார்கள். லிங்கன் அண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை.

அடுத்த ஞாயிறு லட்டீஃப் யுசிஎல்ஏ-வை 28-21 என்று ஜெயித்துக் கொடுத்தான், அக்காவின் தோசை ரொட்டிக்காரர் சுடும் தோசையைவிட ஒரு பிடி நன்றாகவே இருந்தது. நெப்ராஸ்கா பிறகு பென் ஸ்டேட்டிடமும் அயோவாவிடமும் தோற்றது, அது வேறு கதை. அக்கா தோற்கவில்லை. ரொட்டிக்காரர் டிசம்பரில் திரும்பி வந்த பிறகும் ஞாயிறு தோசைக் கல் அக்காவுக்குத்தான், சம்பளமும் ஏற்றியிருக்கிறார்கள் என்று முதலாளியே சொன்னார். ரொட்டிக்காரர் இப்போது கல்லாப் பையனுக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுக்கிறார். தண்ணிக்குத்தான் இன்னும் இரண்டாவது ஆள் சரியாக இல்லை, அந்த அண்ணன் லீவு எடுக்கும் வியாழக்கிழமை தே கேட்காதீர்கள், பால் இல்லாத கோப்பி ஓ குடித்துக்கொள்ளுங்கள்.

மற்றக் குறைகள்: கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் ஆறு மாதமாகச் சரியில்லை, ஐந்தாவது மேசைக்கு மேல் இருக்கும் காற்றாடி ஆடுகிறது, ஆட்டம் ஓடும்போது ஒலியைக் கூட்டிவிடுவதால் குடும்பத்தோடு வருபவர்களுக்கு முகம் சுளிக்கும். வண்டி நிறுத்த ஏழரைக்குள் வந்தால்தான் இடம் உண்டு. பணம் கட்டும் கியூஆர் வேலை செய்கிறது. விடியற்காலை 5.30-க்குத் திறந்து மாலை மூன்றுக்கு மூடுகிறார்கள், திங்கள் விடுமுறை. ஆட்டுக்கறி பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், வந்தவுடன் சொல்லி வைத்துவிட்டால் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பார்கள். இரண்டாவது மேசையில் உட்காருங்கள், அங்கிருந்து பார்த்தால் தோசைக் கல்லும் தெரியும், தொலைக்காட்சியும் தெரியும்.