நெல்லையில் நண்பகல்: நிழலா, கடிகாரமா?

திருநெல்வேலியில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நம்ம ஊர் இருப்பதோ ஏறக்குறைய 77.7-இல். ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக, சராசரியாக 19 நிமிடம் பிந்துகிறது.

இந்தப் பிந்தலும் ஒரே அளவில் நிற்பதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, அதன் பாதையும் முழுவட்டம் இல்லை. அதனால் நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது 12:03 வாக்கிலேயே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12:33 ஆகிவிடும். முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டால் போதும், நிழல் மிகவும் குறுகும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வரலாம். சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் 12 வாக்கில், உச்சிப்பொழுதில் அந்தக் குச்சிக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அப்படித்தான்.

சரி, செங்கோட்டை ரயிலைப் பிடிக்க? கடிகாரம்தான். ஊருக்கு ஒரு நண்பகல் வைத்துக்கொண்டு ரயில் அட்டவணை போட முடியாது. 1906-இல் வந்த இந்தியப் பொது நேரம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் கற்றுக்கொடுக்க நான் குச்சியைத்தான் எடுப்பேன். மொட்டைமாடியிலும் நடலாம், தரை சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.