சிப்-செக்கிலிருந்து கட் அண்ட் ரன்னுக்கு: நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

செல்லுக்குள் எந்தப் புரதம் டிஎன்ஏவில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க நான் வெகுகாலம் சிப்-செக் (சுருக்கமாக சிப்) என்ற ஆய்வக முறையை மட்டுமே செய்துவந்தேன். இப்போது பெரும்பாலும் அதே வேலைக்கான புதிய முறையான கட் அண்ட் ரன்தான். மாறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக மாறுங்கள், ஆனால் சிப்பை முழுதாகக் கைவிட வேண்டாம்.

சிப்பில் ஃபார்மால்டிஹைடு போட்டுப் புரதத்தையும் டிஎன்ஏவையும் பிணைத்து, சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் உடைக்கும் கருவி) உடைத்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியால் வேண்டியதைப் பிடித்து இழுத்து, கூட வரும் டிஎன்ஏவைச் சீக்வென்சிங்கில் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் முறை) படிக்கிறோம். லட்சக்கணக்கில், சில புரதங்களுக்குக் கோடி வரைகூட செல்கள் வேண்டும். ஒவ்வொரு செல் வகைக்கும் சோனிகேஷனைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். எனக்கு அதிக நேரத்தைத் தின்றது இந்தப் படிதான்.

சியாட்டிலில் பீட்டர் ஸ்கீனும் ஸ்டீவன் ஹெனிகாஃபும் 2017இல் வெளியிட்ட கட் அண்ட் ரன் இதைத் தலைகீழாக்கியது. செல்லை உடைப்பதில்லை. கான்கனவாலின் என்ற புரதம் பூசிய காந்த பீட்ஸில் (நுண்மணிகளில்) செல்லை ஒட்டவைத்து, டிஜிடோனின் என்ற வேதிப்பொருளால் சவ்வில் துளையிட்டு, ஆன்டிபாடியை உள்ளே அனுப்புகிறோம். அதன்மேல் ஆன்டிபாடியைப் பற்றும் புரோட்டீன் ஏ-யுடன் இணைந்த, டிஎன்ஏவை வெட்டும் எம்நேஸ் நொதி போய் உட்காரும். கால்சியம் சேர்த்ததும் அந்த இடத்தின் இருபுறமும் வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு மட்டும் வெளியே வருவதால் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. சிப்புக்கு 2 கோடி ரீட் (சீக்வென்சிங்கில் படிக்கப்படும் ஒவ்வொரு துண்டு) கேட்ட இடத்தில் இதற்கு 50 லட்சம் அளவே பல நேரம் போதுமானதாக இருக்கிறது. செலவு குறைவது கண்கூடு.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. டிஜிடோனின் அளவை ஒவ்வொரு செல் வகைக்கும் டிரைபான் நீலம் (சவ்வு திறந்த செல்லுக்குள் மட்டும் புகும் சாயம்) போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். குறைந்தால் ஆன்டிபாடி உள்ளே போகாது, கூடினால் செல்கள் சிதைந்து பீட்ஸ் திரண்டுவிடும். பீட்ஸை உறையவைக்கவே கூடாது. கால்சியம் சேர்க்கும் படி முழுக்க ஐஸ் நீரில் நடக்கட்டும். சூடேறினால் வெட்டுப்பட்ட துண்டுகள் நொதியையும் சுமந்துகொண்டு நகர்ந்து, திறந்திருக்கும் குரோமாட்டினையெல்லாம் (புரதங்களோடு சேர்ந்திருக்கும் டிஎன்ஏ) வெட்டத் தொடங்கும். அப்புறம், டிரான்ஸ்கிரிப்ஷன் காரணிகளின் (மரபணுக்களை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் புரதங்கள்) துண்டுகள் 120 பேஸ் ஜோடிக்கும் குறைவு. லைப்ரரியை (சீக்வென்சிங்குக்குத் தயார்செய்த துண்டுகளின் தொகுப்பு) டிஎன்ஏ சுத்திகரிப்பு பீட்ஸின் வழக்கமான விகிதத்தில் சுத்தம் செய்தால் நாம் தேடுவதே கழுவிப் போய்விடும்.

இரண்டு முறைக்கும் உயிர்நாடி ஆன்டிபாடிதான். புரதத்தை விரித்துவைத்துக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அழகான பட்டை தருவது இங்கே ஒன்றுமே தராமல் போகலாம், ஏனென்றால் இங்கே புரதம் மடிந்த நிலையிலேயே இருக்கிறது. சிப்பில் நன்றாக வேலை செய்ததும் பிணைக்காத செல்லில் அப்படியே செய்யும் என்று சொல்ல முடியாது. நான் ஒவ்வொரு முறையும் ஒரு ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) ஆன்டிபாடியையும், எதையும் குறிவைக்காத வெறும் ஐஜிஜி ஆன்டிபாடியையும் ஒப்பீட்டுக்காகக் கூடவே ஓட்டுகிறேன். ஹிஸ்டோனில் சிக்னல் இல்லையென்றால் அந்த முழுத் தொகுப்பையும் சீக்வென்சிங்குக்கு அனுப்புவதில்லை. பீக் (ரீட்கள் குவிந்திருக்கும் இடம்) தேடவும் சிப்புக்கான மென்பொருள் அமைப்புகளை அப்படியே எடுக்காதீர்கள். பின்னணி இவ்வளவு குறைந்த தரவில் சில ரீட்களே பீக் மாதிரித் தெரியும். 2019இல் வந்த சீக்கர் என்ற மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது.

அதே ஆண்டு வந்த கட் அண்ட் டேக் என்ற முறை இன்னும் வேகமானது. ஹிஸ்டோன் குறிகளுக்கு (ஹிஸ்டோனில் சேரும் வேதிமாற்றங்கள்) அருமை. ஆனால் அதில் எம்நேஸுக்குப் பதிலாக வெட்டும் டிஎன்5 நொதிக்குத் திறந்த குரோமாட்டின்மேல் இயல்பிலேயே ஈர்ப்பு உண்டு. அதனால் டிரான்ஸ்கிரிப்ஷன் காரணிகளுக்கு அதை நான் தயக்கத்தோடுதான் எடுக்கிறேன்.

டிஎன்ஏவை நேரடியாகத் தொடாமல் வேறொரு புரதத்தின் வழியாக ஒட்டும் துணைக்காரணிகள், தொட்டதும் விலகும் புரதங்கள், ஏற்கெனவே ஃபார்மால்டிஹைடில் பிணைத்து உறையவைத்த பழைய மாதிரிகள், இவற்றுக்கு இன்றும் நான் சிப்-செக்கைத்தான் முதலில் எடுப்பேன்.