வால்வு எதற்கு? ஹார்வியும் டெக்கார்ட்டும்

இயற்கையில் ஒன்று ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். எதற்காக என்று சொல்வது அரிஸ்டாட்டில் வழி. எது எதைத் தள்ளியது என்று மட்டும் சொல்வது, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் தூக்கிப் பிடித்த இயந்திர வழி. முதலாவது தோற்று இரண்டாவது ஜெயித்ததால்தான் அறிவியல் பிறந்தது என்பார்கள். இதயத்தின் விஷயத்தில் அந்தக் கதை சரிப்படாது.

ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி அரிஸ்டாட்டிலை மதித்தவர். ரத்தம் சுற்றிவருகிறது என்ற எண்ணம் எப்படி வந்தது என்று விஞ்ஞானி ராபர்ட் பாயில் அவரிடம் கேட்டிருக்கிறார். சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்களில், உள்ள வால்வுகள் ஒருவழிக் கதவுகள்போல இதயத்தை நோக்கி மட்டுமே வழிவிடுகின்றன, இத்தனை வால்வுகளை இயற்கை காரணமில்லாமல் வைத்திருக்காது என்பதுதான் ஹார்வி சொன்ன பதில். நோக்கத்தில் தொடங்கிய கேள்வி. ஆனால் 1628இல் அவர் வெளியிட்ட நூல் அதோடு நிற்கவில்லை. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தைக் குறைத்தே மதிப்பிட்டு, அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கிக் காட்டினார். உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம் வந்தது. ரத்தம் சாப்பாட்டிலிருந்து புதிதாக ஊறுகிறது என்பதே அப்போதைய நம்பிக்கை, ஆனால் அவ்வளவு ஊறவே முடியாது. ஆக, அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும்.

டெக்கார்ட் 1637இல் சுற்றோட்டத்தை ஏற்றார், ஹார்வியைப் பாராட்டவும் செய்தார். இதயம் தானே சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சுருங்க அதற்குள் ஏதோ ஒரு மர்ம ஆற்றல் இருந்தாக வேண்டுமே! அவர் கணக்கில் இதயம் சூடானது. உள்ளே சொட்டும் ரத்தம் சூட்டில் விரிந்து, தானே வழி திறந்துகொண்டு தமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குள், பாய்கிறது. தத்துவமாகப் பார்த்தால் இதுதான் சுத்தம். ஆனால் தவறு. இதயம் சுருங்கும்போது இறுகுகிறது, துளையிட்டால் அந்த நேரத்தில்தான் ரத்தம் பீறிடுகிறது என்பதை ஹார்வி விலங்குகளில் பார்த்திருந்தார்.

அதற்காக நோக்கத்தின் பக்கம் மாலையோடு போக வேண்டியதில்லை. ஹார்விக்கு இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸும் இதே வால்வுகளைப் பார்த்தார், எதற்காக என்று கேட்டார். கைகால்களை நோக்கிப் பாயும் ரத்தம் அங்கே போய்த் தேங்கிவிடாமல் அதன் வேகத்தைக் குறைப்பதற்கு என்று முடிவு செய்தார். ஒரே கேள்வி, இரண்டு பதில்கள். எது சரி என்று அந்தக் கேள்வியால் சொல்ல முடியாது. கையில் கட்டுப்போட்டு ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஹார்வி பார்த்த சோதனையும் அந்தப் பெருக்கல் கணக்கும்தான் சொல்லின. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதும் ஹார்விக்குத் தெரியாது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை, அதாவது இரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களை, நுண்ணோக்கியால் கண்டார்.

என்னைக் கேட்டால், உறுப்பு என்று வந்துவிட்டால் எதற்காக என்று கேட்டுத் தொடங்குவதே நல்லது. பதிலை மட்டும் அளந்து பார்த்த பிறகே நம்ப வேண்டும். மழை, கல், கோள் என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம், அங்கே அதற்கு வேலையில்லை. அப்புறம் 1859இல் டார்வின் வந்து கேள்வியின் திசையையே மாற்றினார். வால்வு ஒன்றுக்காக இருக்கிறது என்றால், யாரோ அதற்கெனத் திட்டமிட்டு வைத்தார்கள் என்று பொருளில்லை. அது உதவிய முன்னோர்கள் பிழைத்துச் சந்ததி விட்டார்கள் என்று பொருள்.