நாடாவை உரித்துப் பார்த்தேன், உள்ளே ஒட்டே இல்லை: மாடித் தோட்டத்துக்குப் பழக்கன்று வாங்குவோர் படிக்கவும்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால், "போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று விட்டுவிடுவேன். என் சுபாவம் அப்படி. போனது ரூ. 6,840. அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பது இன்று பகல் 12 மணிக்குத் தெளிவாகிவிட்டது.

நான் செடி வளர்ப்புக்குப் புதியவள் அல்ல. 11 ஆண்டுகளாக மாடியில் கத்தரி, வெண்டை, புடலை, கீரை எல்லாம் போடுகிறேன். மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டி வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலுமாக வாழ்ந்த அனுபவம் உண்டு. பழமரம் மட்டும் வைத்ததில்லை. இந்த ஆடியில் வைத்துவிடுவது என்று பாதியாக அறுத்த நான்கு நீல டிரம்களை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, 15 நாள் ஆறவும் விட்டிருந்தேன். கன்று மட்டும்தான் பாக்கி.

கன்று வாங்கியது, படங்கள் பகிரும் செயலி ஒன்றில் கடை விரித்திருக்கும் ஒரு நர்சரியில். நர்சரி என்று அவர்கள்தான் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். தவிர, இன்று இந்தப் பெயர் கெட்டால் நாளை வேறு பெயரில் வந்து நிற்பார்கள்.

எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விலை மலிவு என்று நான் போகவில்லை. விலை கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நர்சரி நடத்துபவர் அவரே தொலைபேசியில் அழைத்தார். (அப்போது "அவர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) "அம்மா, மாடியில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது? டிரம்மைத் தரையிலேயே வைக்கப்போகிறீர்களா, அடியில் செங்கல் கொடுத்திருக்கிறீர்களா? மேற்குச் சுவர் ஓரமென்றால் சூடு அடிக்கும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்." இப்படி வரிசையாகக் கேள்விகள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பலாக்கன்றும் ஒன்று வேண்டுமென்று கேட்டேன். "வேண்டாம் அம்மா, டிரம்மில் பலா தாங்காது, உங்கள் காசை வீணாக்க மாட்டேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். விற்க மாட்டேன் என்று சொல்லும் வியாபாரியை எங்கே பார்த்திருக்கிறோம்! என் கணவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ரசீது தருவாரா என்று கேள்" என்றார். கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதரிடம் ரசீது கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இமாம் பசந்த் ஒட்டு மா (நல்ல மரத்தின் கிளைத்துண்டை வேறொரு கன்றின் தண்டோடு சேர்த்துக் கட்டி வளர்ப்பதுதான் ஒட்டு) இரண்டு, ரூ. 2,900. பி.கே.எம்.1 சப்போட்டா ஒன்று, ரூ. 1,100. லக்னோ 49 கொய்யா இரண்டு, ரூ. 960. ராமநாதபுரம் குண்டுமல்லி ஆறு, ரூ. 720. பெட்டி கட்டி அனுப்பும் கூலி ரூ. 1,160. மொத்தம் ரூ. 6,840, கைபேசி வழியாக முழுத் தொகையும் முன்பணமாக. பணம் போன மறு நிமிடம் கை கூப்பும் படம் ஒன்று வந்தது.

ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. இலைகள் கொஞ்சம் துவண்டிருந்தன; பயணக் களைப்பு என்று நிழலில் வைத்துத் தெளித்துத் தேற்றினேன். "ஒட்டுக் கட்டிய நாடாவை மட்டும் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள் அம்மா, ஒட்டு விட்டுவிடும்" என்று அவன் இரண்டு முறை சொல்லியிருந்தான். அந்த அக்கறையைப் பார்த்தும் நெகிழ்ந்துபோனேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் காட்டிக்கொடுத்தது மல்லி. மூன்றாம் வாரத்தில் ஒரு கன்று சாய்ந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் போனேன். ஊதுபத்தி நிலையிலிருந்து ஊதுபத்தி வருவதுபோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அடியில் ஒரு வேர் இல்லை. சாய்வாக வெட்டிய முனை, அதில் ஒட்டியிருந்த கறுத்த மண், அவ்வளவுதான். மற்ற ஐந்தையும் தொட்டேன், ஐந்தும் அப்படியே. வெட்டிய குச்சிகளைப் பையில் செருகிக் கன்று என்று அனுப்பியிருக்கிறார்கள். குச்சியில் இருக்கும் சத்தை வைத்தே நாலு தளிர் விடும். வேர் பிடித்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம்.

அடுத்து சப்போட்டா. சப்போட்டாவைப் பாலை என்ற மரத்தின் கன்று மேல்தான் ஒட்டுக் கட்டுவார்கள். இதில் ஒட்டு உண்மையானதுதான், ஆனால் ஒட்டுக்கு மேலே இருந்த பகுதி காய்ந்துவிட்டது. கீழிருந்து ஒரு தளிர் செழிப்பாகக் கிளம்பியது. நான் பைத்தியக்காரி, மகிழ்ந்துபோய்ப் படம் எடுத்து அனுப்பினேன். "அருமை அம்மா, பிடித்துவிட்டது!" என்று பதில் வந்தது. சப்போட்டா இலை நுனி கூர்ந்திருக்கும். இந்த இலையோ நுனியில் லேசாகப் பிளந்து உள்வாங்கியிருந்தது. அதாவது நான் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டது பாலை மரத்துக்கு. காட்டு மரம், வைரம் பாய்ந்த கட்டை. என் பேரப்பிள்ளைகள் உத்தரம் போட்டுக்கொள்ளலாம்.

இன்று காலை மா. எங்கள் தெருவில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கன்றைப் பார்த்தவர், "நாடாவை இன்னும் உரிக்கவில்லையா? தண்டு பருக்கும்போது அது இறுக்கிவிடுமே அம்மா" என்றார். அவர் முன்னிலையிலேயே பிளேடால் மெல்லக் கீறி உரித்தேன். நல்ல ஒட்டில் இரண்டு தண்டு சேர்ந்த இடம் சாய்வாகவோ ஆப்பு வடிவிலோ தெரியும், கொஞ்சம் வீங்கியிருக்கும், மேலேயும் கீழேயும் பட்டையின் நிறமும் மாறும். இதில் எதுவுமே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே தண்டு, ஒரே வழுவழுப்பு. நாடா சுற்றியிருந்த இடத்தில் கத்தியால் இழுத்த ஒரு கீறல் மட்டும், அதுவும் ஆறிப்போய்க் கோடாக. இரண்டாவது கன்றிலும் அதே உயரத்தில், அதே கோடு. ஒட்டு மாதிரி தெரிய வேண்டுமென்று கீறி, நாடா சுற்றியிருக்கிறார்கள். ஆறு மாதம் தொடாதே என்றது இதற்குத்தான்!

கொட்டையில் முளைத்த கன்று. நம் நாட்டு மா வகைகளில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து வந்தால் தாய்மரத்தின் குணத்தோடு வருவதில்லை. அதற்காகத்தானே ஒட்டே கட்டுகிறார்கள். காய்க்கவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: உண்மையான இமாம் பசந்தாகவே இருந்தாலும் அது சிக்கனமாகக் காய்க்கிற பெரிய மரம், டிரம்முக்கு ஆகாது, குட்டையாக நிற்கும் ஆம்ரபாலி மாதிரி ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். பலா வேண்டாம் என்று தடுத்த அந்த உத்தமன் இதை ஏன் சொல்லவில்லை?

மல்லிக்கு நான் புகார் சொன்னபோதே சாக்குகள் தொடங்கிவிட்டன. "தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்." பிறகு, "கூரியர்காரர்கள் தலைகீழாக வைத்திருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள்." பிறகு, "பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? எடுக்கவில்லையா? அப்படியானால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." பெட்டியைப் பிரிக்கும் வீடியோவில் மண்ணுக்குள் வேர் இல்லாதது தெரியுமா? கடைசியாக, "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, அம்மா." இன்று நாடா உரித்த தண்டின் படத்தை அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அரை மணி நேரம் கழித்து, "வேண்டுமானால் ஐந்து பாக்கெட் கீரை விதை இலவசமாக அனுப்புகிறோம்" என்று வந்தது. ரூ. 6,840-க்குக் கீரை விதை! என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. 12 மணிக்கு என் எண்ணைத் தடை செய்துவிட்டான். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கருத்தும் காணாமல் போய்விட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது பொறுமை இல்லை. ஒட்டுக்கன்று வாங்கினால் நேரில் போங்கள், ஒட்டு சேர்ந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் திரும்பி வாருங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அன்றே கிள்ளிவிடுங்கள். மல்லிக் கன்றின் தண்டை லேசாக இழுத்துப் பாருங்கள். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் கன்று கிடைக்கிறது, எனக்குத்தான் போக அலுப்பு. முகவரியோடு ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு கைபேசி எண்ணும் கை கூப்பும் படமும்தான்.

கொய்யா இரண்டும் நன்றாக இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். லக்னோ 49-ஆ வேறு ஏதாவதா என்பது காய்த்தால்தான் தெரியும். உரித்த நாடாவையும் மல்லிக் குச்சிகளையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இதே மாதிரி நாடா சுற்றிய மாங்கன்று உங்கள் மாடியிலும் நின்றால், இன்றே உரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.