‘விஆர் ரெடி’ என்று தலையில் கட்டுகிறார்கள்: ஃபிளைட் சிமுலேட்டருக்கு ஹெட்செட் வாங்குமுன் படியுங்கள்

எச்பி ரிவெர்ப் ஜி2 என்ற விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர்த் திரை) பாதி விலைக்கு வருகிறது, கீறல்கூட இல்லை, ‘ஃபிளைட் சிமுலேட்டருக்கு இதைவிட நல்லது கிடையாது’ என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். பணத்தை எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எந்த விண்டோஸில் ஓட்டிக் காட்டப் போகிறீர்கள்?

அந்த ஹெட்செட் 2020 நவம்பரில் வந்தது. ஒரு கண்ணுக்கு 2160×2160 பிக்சல், 90 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 90 படம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு அடுத்த மாதமே விஆர் வசதி வந்ததும், காக்பிட் எழுத்துகளை ஓரளவு வாசிக்கும்படி காட்டிய, கைக்கெட்டும் விலையில் இருந்த கருவி என்று பெயர் வாங்கியது. நியாயமான பெயர்தான். ஆனால் அது இயங்குவது விண்டோஸுக்குள்ளேயே இருந்த ‘விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி’ என்ற பகுதியின் தயவில். அந்தப் பகுதியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் அடியோடு எடுத்தும் விட்டது. சாம்சங் ஒடிசி பிளஸ், லெனோவோ எக்ஸ்புளோரர், டெல் வைசர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஏமாற்று நடப்பது இங்கேதான். விற்பவர் தன் வீட்டில் விண்டோஸ் 10 அல்லது பழைய 23எச்2 கணினியில் ஓட்டிக் காட்டுவார். படம் அருமையாக இருக்கும். வாங்கியவர் வீட்டுக்கு வந்து புதுக் கணினியில் சொருகினால், யூஎஸ்பி சாதனம் சேர்ந்ததற்கான ஒலி கேட்கும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஹெட்செட்டை இயக்கும் ‘மிக்ஸ்டு ரியாலிட்டி போர்ட்டல்’ செயலியைத் தேடினால் கிடைக்காது. கேபிளை மாற்றிப் பார்ப்பார், டிரைவரை மூன்று முறை அழித்துப் போடுவார், ஒன்றும் நடக்காது. திரும்பக் கூப்பிட்டால், ‘என் வீட்டில் ஓடியதே, நீங்களே பார்த்தீர்களே’ என்ற பதில் வரும். பொய் என்றும் சொல்ல முடியாத பதில்.

ஆகவே டெமோ பார்க்கும் இடத்தில் விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி ‘வின்வெர்’ கட்டளை கொடுக்கச் சொல்லுங்கள். 22631 என்று பில்ட் எண் வந்தால் அது 23எச்2. 26100 என்றால் 24எச்2. இரண்டாவதில் ஓடிக் காட்டினால்தான் உங்கள் வீட்டிலும் ஓடும் என்று நம்பலாம், அதுவும் ஒரு நிபந்தனையோடு. 24எச்2-வில் இந்த ஹெட்செட்களை உயிர்ப்பிக்க ‘ஒயாசிஸ்’ என்றொரு இலவச டிரைவர், ‘ஸ்டீம்’ என்ற இணைய விளையாட்டுக் கடையில் 2025-இல் வந்தது. மிக்ஸ்டு ரியாலிட்டியில் வேலை பார்த்த பொறியாளரான மாத்தியூ புக்கியானேரி தனிப்பட்ட முயற்சியாக எழுதியது. நல்ல மனிதர், நல்ல வேலை. ஆனால் அது என்விடியா கார்டில் மட்டுமே ஓடும். உங்களிடம் ஏஎம்டி ரேடியான் கார்டு இருந்தால் அந்த வழி அடைத்தது. ‘இப்போ எல்லாத்துக்கும் டிரைவர் வந்துடுச்சு சார்’ என்கிற விற்பனையாளர்கள் இந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

அதே ஜி2-வில் கேபிள் இன்னொரு கண்ணி. முதலில் வந்த கேபிள், ஏஎம்டி மதர்போர்டுகள் பலவற்றின் யூஎஸ்பியோடு ஒத்துப்போகாமல் தொந்தரவு கொடுத்தது. பிறகு திருத்திய கேபிள் வந்தது. நடுவில் உள்ள சிறு பெட்டியில் பவர் பட்டன் இருந்தால் திருத்தியது, இல்லாவிட்டால் பழையது. ஆறு மீட்டர் கேபிள், ஹெட்செட்டில் நுழையும் இடத்திலேயே மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும். மாட்டிக்கொண்டு தலையை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். படம் ஒரு நொடி துண்டானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹெட்செட்டே தயாரிப்பில் இல்லை, மாற்றுக் கேபிளுக்கு எங்கே போவீர்கள்?

அடுத்தது கணினி. அசெம்பிள் செய்து தரும் கடைகளிலும் லேப்டாப் விளம்பரங்களிலும் ‘விஆர் ரெடி’ என்று ஒரு வார்த்தை ஒட்டியிருக்கும். அந்த வார்த்தை பிறந்த காலம் 2016. அன்றைய ஆக்குலஸ் ரிஃப்டுக்கு ஜிடிஎக்ஸ் 970 கார்டு, ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ராம் போதும் என்றார்கள். ஒரு கண்ணுக்கு 1080×1200 பிக்சல், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 26 லட்சம். ஜி2-வின் திரைகளில் 93 லட்சம். அதோடு முடிவதில்லை. லென்ஸ் படத்தை வளைப்பதை ஈடுகட்ட, திரையைவிடப் பெரிய படத்தை வரைந்துதான் சுருக்க வேண்டும். ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆரில் தெளிவுத்திறனை 100 சதவீதம் வைத்தால் ஜி2-வுக்கு ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 3100×3100. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடியே 92 லட்சம் பிக்சல், அதாவது 4கே திரையைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். 90 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு படத்தையும் 11.1 மில்லிசெகண்டில் முடித்தாக வேண்டும். ‘4கே-யில் சூப்பரா ஓடுது, விஆர்லயும் ஓடும்’ என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் போட்டுக் காட்டுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் பெரிதாக இருந்தாலும் காரியம் ஆகாது. ஃபிளைட் சிமுலேட்டர் தன் வேலையின் பெரும்பகுதியைப் பிராசசரின் ஒரே திரெட் (வேலை வரிசை) மேல் ஏற்றி வைத்திருக்கிறது. பெரிய விமான நிலையம், சுற்றிலும் நிறுத்தியிருக்கும் விமானங்கள், ஏர்பஸ்ஸின் கணினித் திரைகள் எல்லாம் சேர்ந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, பிராசசர் மூச்சுத் திணறும். ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போல 96 எம்பி எல்3 கேஷ் (உள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள பிராசசர்களை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் தேடி வாங்குவது இதனால்தான். வீடியோ மெமரி 8 ஜிபி என்றால் விஆர் ஆசையைத் தள்ளி வையுங்கள். நிரம்பி வழிந்த கணத்தில் படம் விக்கும், நீங்கள் தலையைத் திருப்பியிருப்பீர்கள், உலகம் திரும்பியிருக்காது. வயிற்றைப் புரட்டுவதற்கு அது ஒன்றே போதும்.

லேப்டாப்பில் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4080-இல் 16 ஜிபி. லேப்டாப்பின் 4080-இல் 12. பெயர் ஒன்று, சரக்கு வேறு. லேப்டாப் 4060 என்றால் எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 35-லிருந்து 115 வரை எதுவாகவும் இருக்கலாம், பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். பிறகு துளைகள். டிஸ்பிளேபோர்ட் என்ற பட இணைப்பைக் கேட்கும் ஹெட்செட்டை எச்டிஎம்ஐ துளையில் மாற்றி வைத்து ஓட்ட முடியாது. கடையில் நூறு இருநூறுக்குக் கிடைக்கும் அடாப்டர் எதிர்த்திசைக்குச் செய்தது. யூஎஸ்பி-சி துளை இருக்கிறதே என்றால், அதில் டிஸ்பிளேபோர்ட் சிக்னல் வருகிறதா, வந்தாலும் அது என்விடியா கார்டிலிருந்து வருகிறதா, பிராசசரோடு ஒட்டிய கிராபிக்ஸிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘பிசிக்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் எந்தத் துளை எதோடு இணைந்திருக்கிறது என்று படமே காட்டும். துளையில் ஒரு மானிட்டரைச் சொருகிவிட்டுப் பார்க்க வேண்டும்.

மெட்டா குவெஸ்ட் 3 இந்தத் துளைத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறது. டிஸ்பிளேபோர்ட்டே வேண்டாம், ஒரு யூஎஸ்பி கேபிளோ வைஃபையோ போதும். ஒரு கண்ணுக்கு 2064×2208, பான்கேக் லென்ஸ். ஓரம் வரை தெளிவு. ஜி2-வில் நடுவில் மட்டும் தெளிவாகவும் ஓரத்தில் கலங்கலாகவும் இருக்கும் தொல்லை கிடையாது. 2024-இல் வந்த 3எஸ்-ஐ ‘அதே குவெஸ்ட் 3 தான், விலை மட்டும் கம்மி’ என்று தள்ளிவிடுகிறார்கள். அதில் 1832×1920 பிக்சல், பழைய ஃபிரெனெல் லென்ஸ். வேறு விளையாட்டுகளுக்குப் பரவாயில்லை. காக்பிட்டில் எழுத்து வாசிக்க வேண்டியவர் அதை வாங்கக் கூடாது.

குவெஸ்டுக்குக் கணினி அனுப்புவது சுருக்கப்பட்ட வீடியோ. இங்கே கேபிள் வியாபாரம் ஒன்று தனியாக நடக்கிறது. ‘லிங்க் கேபிள், 5 மீட்டர்’ என்று பளபளக்கும் பெட்டியில் வருவதில் சில, உள்ளே யூஎஸ்பி 2.0, 480 மெகாபிட். சார்ஜ் ஏறும், படமும் வரும், மேகமும் மரங்களும் சேறு பூசிய மாதிரி இருக்கும். வாங்கியவர் ஹெட்செட்டைத் திட்டுவார். சாதாரண யூஎஸ்பி 3 துளை கொடுக்கும் மின்சாரம் நான்கரை வாட், ஹெட்செட் குடிப்பது அதைவிட அதிகம். எனவே கேபிளில் கட்டியிருந்தாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பேட்டரி தீரும், பெரும்பாலும் தரையிறங்கும் நேரத்தில். சார்ஜரைச் சொருக நடுவில் தனித் துளை வைத்த கேபிளைக் கேட்டு வாங்குங்கள். வைஃபை வழி என்றால் கணினி ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைந்திருக்க வேண்டும், 5 அல்லது 6 கிகாஹெர்ட்ஸில், வீட்டின் மற்ற போன்கள் ஏறாத ரவுட்டராக இருந்தால் உத்தமம்.

கடை டெமோக்களில் பொதுவாக ஒரு சூட்சுமம் உண்டு. சிறிய செஸ்னா, ஊசி வைத்த வட்ட மீட்டர்கள், தெளிந்த வானம், ஆளில்லாத புல்வெளி ஓடுதளம். எந்தக் கணினியும் இதில் அழகாக ஓடும். நீங்கள் கேட்க வேண்டியது ஏர்பஸ் ஏ320, லண்டன் ஹீத்ரோ அல்லது நியூயார்க் ஜேஎஃப்கே, டிராஃபிக் ஆன், உடைந்த மேகங்கள். விமானத்தைத் தரையில் ஓட்டிக்கொண்டே பக்கத்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். கட்டடங்கள் விட்டு விட்டு நகர்ந்தால் கணினி போதவில்லை. டெவலப்பர் மோடில், நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எஃப்பிஎஸ் பலகையைத் திறக்கச் சொன்னால் ‘மெயின் திரெட்’ தடுக்கிறதா, கார்டு தடுக்கிறதா என்று அதுவே எழுதிக் காட்டும். செஸ்னாவுக்குத் திரும்பினால் புரொப்பெல்லரின் விளிம்பைக் கவனியுங்கள். சுற்றிலும் காற்று ஜெல்லி மாதிரி நெளிந்தால், கணினி 45 படம்தான் வரைகிறது, மீதி 45-ஐ மென்பொருள் ஊகித்து இட்டு நிரப்புகிறது. அதைச் சகிக்க முடிகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘90-இல் ஓடுகிறது’ என்று அதை விற்கக் கூடாது.

கடைசியாக, முன்னால் குனியாமல், இருக்கையில் சாய்ந்தபடியே உயரமானியின் எண்களை வாசியுங்கள். விமானம் ஏறும்போது வாசியுங்கள், நிற்கும்போது வேண்டாம். வேகத்துக்காக டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் என்விடியா உத்தி) போட்டு வைத்திருந்தால் உருளும் எண்களுக்குப் பின்னால் நிழல் இழுபடும், 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். முழு அளவில் வரைந்து விளிம்பை மட்டும் மென்மையாக்கும் டிஏஏ-வுக்கு மாற்றச் சொன்னால் எண் தெளியும், படங்களின் எண்ணிக்கை விழும். குவெஸ்ட் 3 ஒரு பாகைக்குச் சுமார் 25 பிக்சல் காட்டுகிறது. 27 அங்குல 1440பி மானிட்டரை 60 சென்டிமீட்டரிலிருந்து பார்த்தால் சுமார் 45 கிடைக்கிறது. எந்த அமைப்பைத் திருகினாலும் இந்த இடைவெளி போகாது.

செகண்ட் ஹேண்டில் லென்ஸைப் பாருங்கள். ஜன்னலோரம் வைத்த ஹெட்செட்டில் வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து திரையைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். வெள்ளைத் திரையில் மஞ்சள் புள்ளியோ சிறு கோடோ தெரிந்தால் அதுதான். அடுத்து, இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். கண்ணாடிக் கடையில் இலவசமாக அளந்து சொல்வார்கள். ஜி2 60-லிருந்து 68 மில்லிமீட்டர் வரைதான் நகரும், குவெஸ்ட் 3 53-லிருந்து 75 வரை உள்ள கண்ணளவுக்குப் பொருந்தும். முதல் பிக்ஸ்கிரீன் பியாண்ட் நகரவே நகராது. முதலில் வாங்கியவரின் கண்ணளவுக்குச் செய்து, அவர் முகத்தை ஸ்கேன் செய்து மெத்தை வார்த்தது. தலை அசைவைக் கண்டறிய அறையில் வைக்கும் ட்ராக்கிங் பேஸ் ஸ்டேஷனையும் தனியே வாங்க வேண்டும். ‘ஒரு மாசம்தான் யூஸ் பண்ணேன்’ என்று அது மலிவாக வந்தால் காரணம் இதுதான். விலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மென்பொருள் உரிமமாக வாங்கும் ஹெட்செட்களும் உண்டு. மீதிப் பணம் கட்டிய கணக்கின் ரசீதைப் பார்க்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

அப்படியென்றால் வீட்டுக்கு விஆர் தயாரா? கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்குத் தயார். ஹெலிகாப்டரை ஓரிடத்தில் நிறுத்துவது, தரையிறங்குமுன் மூக்கைத் தூக்கும் உயரத்தைக் கணிப்பது, கிளைடர், போர் விமானம் எல்லாவற்றிலும் மானிட்டர் கிட்டவே வர முடியாது. எட்டு மணி நேரப் பயணத்தில் எம்சிடியூ என்ற காக்பிட் கணினியில் வழித்தடம் தட்டுபவர்களுக்கு, சார்ட் புரட்டுபவர்களுக்கு, வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் விமானக் கட்டுப்பாட்டாளர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு இன்னும் ஆகவில்லை. விசைப்பலகை தெரியாது, பேனா தெரியாது, அரைக் கிலோ எடை மூக்கின் மேல்.

ஏற்கெனவே ஜி2 வாங்கிச் சிக்கிக்கொண்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். என்விடியா கார்டு இருந்தால் ஒயாசிஸ் போடுங்கள். ரேடியான் என்றால் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் மட்டும் விண்டோஸ் 11 புரோ 23எச்2 நிறுவுங்கள். நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைத்தால் பூட் குழப்பம் வராது. குரூப் பாலிசியில் ‘டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்’ என்ற இடத்தில் 23எச்2 என்று எழுதிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு ராத்திரியில் அதுவாகவே 24எச்2 ஆகிவிடும். மிக்ஸ்டு ரியாலிட்டியை ஒரு முறை முழுமையாக ஓட்டிப் பார்த்தபின் டிஸ்க்கை இமேஜ் (முழு நகல்) எடுத்துத் தனியே வையுங்கள். ஸ்டீம் வழியான ஆதரவு 2026 நவம்பர் வரைதான் என்று மைக்ரோசாஃப்ட் தேதி குறித்திருக்கிறது. 23எச்2-வின் ஹோம், புரோ பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 நவம்பரிலேயே நின்றுவிட்டன, ஆகவே அந்த டிஸ்க்கில் பேங்க் வேலையெதுவும் வேண்டாம்.