எழுத்தா, இடமா? ஷார்ட்கட் விசையை எதை வைத்துப் பிடிப்பது

பிரவுசரில் ஓடும் சின்ன எடிட்டர் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பயன்படுத்தும் ஜெர்மானியர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது: கன்ட்ரோல்+இசட் அழுத்தினால் அன்டூ (கடைசியாகச் செய்ததை ரத்து செய்வது) ஆகாமல் ரீடூ (ரத்து செய்ததை மறுபடி கொண்டுவருவது) ஆகிறதாம். என் கீபோர்டில் எத்தனை முறை அழுத்திப் பார்த்தாலும் ஒழுங்காகவே வேலை செய்தது. அப்புறம்தான் உறைத்தது. ஜெர்மன் கீபோர்டில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். நானோ எழுத்தை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்து நிரல் எழுதியிருந்தேன்.

ஒரு விசையை அழுத்தினால் பிரவுசர் இரண்டு தகவல் தரும். ‘கீ’ என்பது அந்த லேஅவுட்டில், அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பில், விழும் எழுத்து. ‘கோட்’ என்பது விசை இருக்கும் இடம்; அதன் பெயர் மட்டும் அமெரிக்கக் கீபோர்டை வைத்து இட்டது. எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. இரண்டையும் விட்டு, ஷார்ட்கட்டைப் பயனரே மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவது மூன்றாவது வழி.

இடத்தைப் பிடிப்பது விளையாட்டுகளுக்குச் சரி. நான்கு விசைக்கு நான்கு திசை, எழுத்து எதுவானால் என்ன? எண் விசைகளுக்கும் அதுவே நல்லது. பிரெஞ்சுக்காரர்களின் அசெர்ட்டி கீபோர்டில் ஷிஃப்ட் இல்லாமல் 1-ஐ அழுத்தினால் & தான் விழும்.

ஆனால் எடிட்டருக்கு நான் எழுத்தின் பக்கம் வந்துவிட்டேன். காரணம் ஒன்றே: மெனுவில் என்ன எழுதுவது?

‘அன்டூ: கன்ட்ரோல்+இசட்’ என்று மெனுவில் போட்டிருக்கிறேன். படிப்பவர் தன் கீபோர்டில் இசட் என்று அச்சடித்த விசையைத்தான் தேடுவார். இடத்தைப் பிடித்தால் அந்த வரியே பொய்யாகிவிடுகிறது. அசெர்ட்டியில் அது எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். என் இசட் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு டபிள்யூ. அப்படியானால் அன்டூ செய்ய அவர் கன்ட்ரோல்+டபிள்யூ அழுத்த வேண்டும். அது டேபை மூடும் ஷார்ட்கட். ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற நினைத்தவருக்கு மொத்தப் பக்கமும் போய்விடும்.

அந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பிரவுசரையே கேட்டு மெனுவைத் திருத்தலாமே என்றால், கேட்கும் வசதி குரோம் வகையறாவில்தான் உண்டு. பயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் கிடையாது. லேஅவுட் வாரியாக நானே ஓர் அட்டவணை எழுதலாம். எழுதினால் ஆயுள் முழுக்க அதைப் பராமரிக்க வேண்டியதுதான். எழுத்தைப் பிடித்தால் அட்டவணையே வேண்டாம், மெனு தானாகவே உண்மையாக இருக்கும்.

எழுத்துக்கும் ஓட்டை உண்டு. ரஷ்ய லேஅவுட்டில் சி இருக்கும் விசையில் அவர்களுடைய ‘ஸ்’ எழுத்து இருக்கிறது. பார்க்க அச்சு அசல் ஆங்கில சி, யூனிகோடில் வேறு எண். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், நிரலுக்குப் பொருந்தாது. தமிழ்99 லேஅவுட்டில் அதே விசை ஒ. அதனால் ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகளின் பட்டியல்) வெளியே உள்ள எழுத்து வந்தால் மட்டும் இடத்தைப் பார்க்கும்படி வைத்தேன். அந்த ‘மட்டும்’ முக்கியம். பொருந்தாத எல்லாவற்றுக்கும் இடத்தைப் பார்க்க விட்டால், டிவோராக் என்ற மாற்று ஆங்கில லேஅவுட்டில் கன்ட்ரோலோடு அரைப்புள்ளியை அழுத்துபவருக்கு அன்டூ ஆகிவிடும். அங்கே இசட் இடத்தில் இருப்பது அரைப்புள்ளி. ஜப்பானிய, சீன உள்ளீட்டில் எனக்குப் பழக்கம் குறைவு. பல விசைகள் சேர்ந்து எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது ஷார்ட்கட் எதையும் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

எந்த வழியில் போனாலும் கன்ட்ரோல்+ஆல்ட் பக்கம் போகாதீர்கள். விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் விசையும் (ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் இருப்பது) கன்ட்ரோல்+ஆல்ட்டும் ஒன்றுதான். ஜெர்மன் கீபோர்டில் @ விழுவது ஆல்ட்ஜிஆர்+க்யூவில். கன்ட்ரோல்+ஆல்ட்+க்யூவை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவரால் மின்னஞ்சல் முகவரிகூடத் தட்ட முடியாது. மேக்கிலும் ஆப்ஷனோடு எழுத்தை அழுத்தினால் சிறப்பெழுத்துகள் விழும், அதே கதைதான்.

மூன்றாவது வழியை மட்டும் நம்பி இருக்க முடியாது. அமைப்புகளுக்குள் போய் மாற்றும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? ஆனால் கன்ட்ரோல் இல்லாமல் ஒற்றை எழுத்தையே ஷார்ட்கட்டாக வைப்பவருக்கு வேறு வழியில்லை: அதை அணைக்கவோ மாற்றவோ முடிய வேண்டும், அல்லது அந்தப் பகுதியில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று 2018-ல் வந்த, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த உதவும் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1 சொல்கிறது.

எனக்கு இன்னும் முள்ளாக இருப்பது கமென்ட் போடும் கன்ட்ரோல்+/. ஜெர்மன் கீபோர்டில் / என்பது ஷிஃப்ட்+7. ஷிஃப்ட் இருந்தாலும் பரவாயில்லை என்று நிரலைத் தளர்த்திவிட்டேன், ஆனாலும் மூன்று விசையை அழுத்த வேண்டியிருக்கிறது. புகார் அனுப்பியவர் அதை மெனுவில் மவுஸால்தான் சொடுக்குகிறார். அவருக்காகவே ஷார்ட்கட்டை மாற்றும் பக்கம் ஒன்றை எழுத ஆரம்பித்திருக்கிறேன். பட்டியல் அழகாகத் தெரிகிறது, சேமிக்கத்தான் மாட்டேன் என்கிறது.